அறுபது கெண்டைகள்

ஹெப்சிபா அந்த அறுபது கெண்டைகளைப் பிடித்தது 2019-ஆம் வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை காலையில். அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சந்தோஷம்தான். மற்றதையெல்லாம்கூட எப்படியாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், அதற்கு மட்டும் அவளிடம் சமாதானம் இல்லை.

அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. ஆரணியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். பெயரில்தான் கௌரவம். ஜூனில் எடுத்து ஏப்ரலில் அனுப்பிவிட்டு, அடுத்த ஜூனில் மறுபடி எடுப்பார்களா என்று காத்திருக்க வைக்கிற வேலை. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால் நிரந்தர வேலைக்கு மனு போடலாம் என்பதால், வேலூரில் பேராசிரியர் பிரபாகரனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். கணவன் பிரின்ஸ் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பவன். பார்டரில் ஒரு மயிலுக்கு எத்தனை இழை என்று நாள் முழுக்க எண்ணுகிறவனுக்கு, பெண்டாட்டி மீன் செதிலை எண்ணுவது விசித்திரமாகப் படவில்லை. அவன் பாட்டுக்கு அவன் எண்ணினான், அவள் பாட்டுக்கு அவள் எண்ணினாள்.

அவள் எடுத்துக்கொண்ட மீன் சாதாரணக் கெண்டை. விரல் நீளம், வெள்ளி உடம்பு, வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. ஆரணியைச் சுற்றி எந்த ஏரியில் வலை போட்டாலும் வரும். சந்தையில் பொடி மீனோடு சேர்த்துக் கூறு கட்டி விற்பார்கள். இந்த ஒரே மீன் வெவ்வேறு ஏரிகளில் வெவ்வேறு மாதிரி இருக்கிறதா என்பதுதான் அவளுடைய கேள்வி. ஏழு ஏரிகளைத் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொன்றிலும் மீன் பிடித்து, தலை நீளம், கண் அகலம், துடுப்பு முள் என்று இருபத்திரண்டு அளவுகள் எடுத்தாள். உடம்பின் நடுவே செவுளிலிருந்து வால் வரை ஓடுகிற கோட்டில் எத்தனை செதில் என்று பூதக்கண்ணாடியில் எண்ணினாள்.

ஆறு ஏரிகளில் விடை ஒன்றாகவே வந்தது. இருபத்துநாலு செதில், தப்பினால் இருபத்தைந்து. அந்த ஆறும் கமண்டல நாகநதியோடோ ஒன்றோடொன்றோ கால்வாயால் இணைந்தவை. மழைக்காலத்தில் ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும், தண்ணீரோடு மீனும் போகும். கலந்து கலந்து எல்லாம் ஒரே ஜனமாகிவிட்டது.

ஏழாவது, போளூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஊத்தடி ஏரி. ஏரி என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு பாறைக் குன்றின் அடியில் கிடக்கிற சின்ன நீர்ப்பரப்பு. அதற்கு மேலே வேறு ஏரி கிடையாது, எந்தக் கால்வாயும் வந்து சேராது. குன்றில் பெய்கிற மழையும், பாறைக்கடியில் கசிகிற ஒரு ஊற்றும்தான் அதன் தண்ணீர். 2018 டிசம்பரில் அங்கே முதன்முறை வலை போட்டு ஒன்பது கெண்டை பிடித்தாள். எண்ணியபோது இருபத்தேழு வந்தது. தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினாள். எட்டில் இருபத்தேழு. ஒன்றில் மட்டும் இருபத்தெட்டு. தலையும் கொஞ்சம் நீளம். கண் பெரிது.

பிரபாகரன் சாருக்குப் போன் போட்டாள். அவர் நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒன்பது மீனை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஆணில் முப்பது, பெண்ணில் முப்பது இருந்தால்தான் புள்ளியியலில் நிற்கும், கொண்டு வந்து ஃபார்மலினில் போடு, பிறகு பேசலாம் என்றார்.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பிப்ரவரியிலேயே ஏரிகள் வற்ற ஆரம்பித்தன. ஹெப்சிபாவுக்குக் கல்லூரியில் பாடம், தேர்வு, விடைத்தாள் திருத்தம் என்று நாள் போய்விட, அவள் ஊத்தடிக்கு மறுபடி போனபோது மே மாதம் ஆகிவிட்டது. ஏரி முழுக்க வெடித்த சேறு. ஆடுகள் நடுவில் மேய்ந்துகொண்டிருந்தன. குன்றின் அடியில், பாறை குடைந்த இடத்தில் மட்டும் ஒரு குட்டை மிச்சம் இருந்தது. ஒரு மாட்டு வண்டியைத் திருப்புகிற அளவுதான் இருக்கும். தண்ணீர் தெளிவாகவும் சில்லென்றும் இருந்தது. தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தாள். வெளியே வெயில் நாற்பதைத் தாண்டிய அந்த நாளில், குட்டைத் தண்ணீர் இருபத்தைந்து டிகிரி காட்டியது.

வலை போடுவதற்கு எல்லப்பன் வந்திருந்தார். ஊத்தடியிலும் சுற்றுப்பட்ட ஏரிகளிலும் குத்தகைக்காரர்களுக்கு மீன் பிடித்துக் கொடுப்பவர், ஹெப்சிபாவைவிடப் பத்து வயது மூத்தவர். முதலிலிருந்தே அவளுக்கு வலை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அவர் மனைவி விருத்தாம்பாள் போளூர் சந்தையில் மீன் விற்பாள்.

இரண்டு பேரும் குட்டையின் இரண்டு பக்கமும் நின்று சிறுகண் வலையை இழுத்தார்கள். முதல் இழுப்பில் நாற்பதுக்கு மேல் வந்தது. இரண்டாவதில் பதினைந்து. மூன்றாவதில் ஆறேழு. நான்காவது முறை வலை வெறுமையாக வந்தது.

எல்லப்பன் பிளாஸ்டிக் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், பாதிய வுட்டுட்டு மீதிய எடுத்துக்கலாமா? இந்தக் குட்டைய வுட்டா வேற தண்ணி கெடையாது."

"முப்பதும் முப்பதும் வேணும்ணா. கொறஞ்சா சார் ஒத்துக்க மாட்டாரு. மழை வந்தா தானா வந்துடும், பாருங்க."

எல்லப்பன் வலையைச் சுருட்டினார். வாளியில் அறுபத்துமூன்று இருந்தது. மூன்று ரொம்பச் சின்னவை, ஆணா பெண்ணா என்று தெரிகிற வயதில்லை. அவற்றை அவளே கையில் அள்ளி, குனிந்து தண்ணீரில் விட்டாள். மற்ற அறுபதையும் அங்கேயே பாறை நிழலில் உட்கார்ந்து ஃபார்மலின் பாட்டில்களில் போட்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் பிரின்ஸுக்குப் பிடித்த பக்கோடா வாங்கினாள்.

அறுபதையும் எண்ணி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. வயிற்றைக் கிழித்துப் பார்த்ததில் இருபத்தொன்பது ஆண், முப்பத்தொன்று பெண். பெண்களில் பாதிக்கு மேல் முட்டை நிறைந்திருந்தது. செதில் இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தேழு. ஒன்றுகூட இருபத்தைந்துக்கு இறங்கவில்லை. பிரபாகரன் சார் முதன்முறையாக அவளைப் பாராட்டினார். தனித்த ஜனம் என்றார். ஏன் தனித்தது என்பதை இரண்டாவது அத்தியாயத்தில் வரைபடத்தோடு எழுது என்றார். அவளும் எழுதினாள். மேலே வேறு நீர்நிலை கிடையாது, கால்வாய்த் தொடர்பு கிடையாது, எனவே வெளியிலிருந்து மீன் வந்து கலக்க எந்த வழியும் இல்லை என்று அவள் கைப்படவே எழுதினாள். மழை வந்தால் தானாக வந்துவிடும் என்று எல்லப்பனிடம் சொன்னதும் தான்தான் என்பது எழுதும்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அந்த வருஷம் டிசம்பரில் ஒருமுறை சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். கொஞ்சம் மழை பெய்து ஏரியில் முழங்கால் தண்ணீர் இருந்தது. நாலைந்து இழுப்பு இழுத்தும் தவளைக் குஞ்சுகள்தான் வந்தன. கோடையில் அந்தக் குட்டை எத்தனை நாள் தாங்கியது என்று கேட்டாள். அது வற்றவே இல்லை என்றார் எல்லப்பன். செப்டம்பர் மழை வரைக்கும் அப்படியேதான் கிடந்தது, எந்த வருஷமும் அந்த ஊற்று நின்றதில்லை என்றார். விட்ட மூன்று குஞ்சுகளும்? நாரை ஒன்று தினமும் வந்து நின்றது என்றார். இன்னும் பெருகவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் கொரோனா வந்தது. கல்லூரி மூடியது. வீட்டில் உட்கார்ந்து ஆய்வேட்டை எழுதி முடித்து, 2021 கடைசியில் சமர்ப்பித்தாள். அந்த நவம்பரில் பேய்மழை பெய்தது. பல வருஷமாக நிரம்பாத ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிந்து கோடி போயின. ஊத்தடியும் நிரம்பியது. நிரம்பின ஏரியைச் சும்மா விடுவார்களா? குத்தகை எடுத்தவர்கள் எங்கிருந்தோ ஒரு வண்டி மீன் குஞ்சு கொண்டுவந்து கொட்டினார்கள். ஜிலேபிக் கெண்டையும் ரோகுவும்.

ஆய்வேட்டைப் படித்த வெளியூர்ப் பரிசோதகரின் அறிக்கை 2022 ஆகஸ்டில் வந்தது. நன்றாகச் செய்யப்பட்ட வேலை என்று எழுதிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். குளிர்ந்த நீரில் முட்டை பொரித்தால் மீன்களுக்குச் செதில் எண்ணிக்கை கூடுவதுண்டு. ஊத்தடியின் தண்ணீர் மற்ற ஏரிகளைவிட ஐந்தாறு டிகிரி குளிர்ச்சி என்று ஆய்வாளரே குறித்திருக்கிறார். அப்படியானால் இந்த இருபத்தேழு செதில் அந்த மீனின் வம்சத்தில் இருப்பதா, அல்லது வெறும் தண்ணீரின் வேலையா? உயிருள்ள மீன்களை வேறு தண்ணீரில் முட்டையிட வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அல்லது திசுவை மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். வாய்மொழித் தேர்வுக்குள் இதற்குப் பதில் வேண்டும் என்று முடித்திருந்தார்.

முதலில் ஹெப்சிபா பாட்டில் மீன்களிலிருந்து சதை வெட்டிச் சென்னையில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஃபார்மலினில் மூன்று வருஷம் ஊறிய சதையில் மரபணு சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. உயிருள்ள மீன்தான் வேண்டும் என்று ஆயிற்று.

செப்டம்பரிலிருந்து அவள் ஞாயிறுதோறும் காலை ஆராதனை முடிந்ததும் ஊத்தடிக்குப் போனாள். பிரின்ஸ் பைக்கில் கொண்டுபோய் விடுவான். எல்லப்பன் வலையோடு நிற்பார். முதல் வாரம் ஜிலேபி. இரண்டாம் வாரம் ஜிலேபி. குத்தகைக்காரரின் ஆள் கரையில் நின்று, இந்த அம்மா எதையாவது எடுத்துப் போகிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஜிலேபி மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் விடாது என்பது அவளுக்குத் தெரியும், வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். ஆனாலும் ஊற்றுக் கண் இருக்கிற பாறைச் சந்துக்குள் எங்காவது நாலு மீன் ஒண்டியிருக்கும் என்று நம்பினாள். அந்த மூன்றில் ஒன்று பிழைத்திருந்தால்கூட, அது முட்டையுள்ள பெண்ணாக இருந்தால்கூட, துணைக்கு ஒரு ஆண் வேண்டுமே என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தக் கணக்கை நடுவிலேயே நிறுத்திவிடுவாள்.

இப்படி நாலு மாதம் போயிற்று. 2023 ஜனவரியில் ஒரு ஞாயிறு, பாறைக்கு அருகே இழுத்த வலையில், ஜிலேபிகளுக்கு நடுவே வெள்ளியாக ஏதோ துள்ளியது. வாலடியில் கறுப்புப் பொட்டு. எல்லப்பன்தான் முதலில் பார்த்தார். ஹெப்சிபா தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்தது தெரியவில்லை. பதினோரு கெண்டை. உள்ளங்கையில் ஒன்றைக் கிடத்தி அங்கேயே எண்ணினாள்.

இருபத்துநாலு.

அடுத்ததும் இருபத்துநாலு. பதினோராவது வரை எண்ணினாள். எல்லாம் ஆற்றோர ஏரிகளின் சாதாரணக் கெண்டைகள். மீன் குஞ்சு வண்டியில் கலந்து வந்தவை என்பது புரிய நேரமாகவில்லை. எல்லப்பன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வலையை அலச ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் குறிப்பேட்டைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. ஊத்தடியில் இப்போது சாதாரணக் கெண்டை இருக்கிறது. அந்த ஊற்றுத் தண்ணீர் இன்னும் இருபத்தைந்து டிகிரிதான், வாரா வாரம் அளந்து குறித்திருக்கிறாள். இந்தக் கெண்டைகள் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் முட்டையிட்டால், பொரிக்கிற குஞ்சுக்கு எத்தனை செதில் வரும்? இருபத்தேழு வந்தால் எல்லாம் தண்ணீரின் வேலை. அப்படியானால் அவள் பிடித்துக் கொன்றது ஊரில் எங்கும் கிடைக்கிற கெண்டை, அதன் ஜாதி எல்லா ஏரியிலும் உயிரோடு இருக்கிறது, எதுவும் அழியவில்லை. இருபத்துநாலு வந்தால் அது வம்சம். உலகத்தில் அந்தக் குன்றடியில் மட்டும் எத்தனையோ ஆயிரம் வருஷமாக இருந்த ஒரு வம்சம்.

பிரபாகரன் சாரிடம் சொன்னபோது அவர் துள்ளினார். இயற்கையே பரிசோதனை செய்து வைத்திருக்கிறது என்றார். அவருக்கு எந்த விடை வந்தாலும் நல்ல விடைதான்.

எல்லப்பன் ஊற்றுக்குட்டையின் வாயில் மூங்கில் தட்டி கட்டி ஜிலேபி உள்ளே வராமல் மறித்தார். குத்தகைக்காரரிடம் அவரே பேசிச் சம்மதம் வாங்கினார். பதினோரு கெண்டைகளையும் இன்னும் கிடைத்தவற்றையும் உள்ளே விட்டார்கள். ஜூலையில் நாலு நாள் மழை அடித்தது. ஆகஸ்டில் குட்டையின் ஓரத்தில் கொசு போலக் குஞ்சுகள் மொய்த்தன. செதில் முளைத்து எண்ணுகிற அளவு வளர இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

அந்த ஒரு மாதமும் ஹெப்சிபா ஜெபம் செய்தாள். சின்ன வயதிலிருந்து பரீட்சைக்கு, வேலைக்கு, பிரின்ஸின் அம்மாவின் ஆபரேஷனுக்கு என்று எத்தனையோ ஜெபித்திருக்கிறாள். இந்த மாதிரி ஜெபித்ததில்லை. ஐந்து வருஷம் பாடுபட்டுக் கண்டுபிடித்தது பொய்யாக இருக்கட்டும் என்று கேட்டாள். என் ஆய்வு தப்பாகப் போகட்டும், பட்டம் வேண்டாம், இருபத்தேழு வரட்டும், ஆண்டவரே. சபையில் எல்லோரும் எழுந்து பாடும்போது அவள் உட்கார்ந்தபடியே இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டதற்கு, தீசிஸ் விஷயம் என்றாள். உனக்கு நிச்சயம் கிடைக்கும் என்று அந்தப் பெண் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள்.

செப்டம்பர் கடைசியில் ஐம்பது குஞ்சு எடுத்தாள். இந்த முறை குட்டையில் நூற்றுக்கணக்கில் மிச்சம் இருந்தன. கல்லூரி ஆய்வகத்தில் அவற்றுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, மாணவிகள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினாள். முதல் குஞ்சு இருபத்துநாலு. இரண்டாவது இருபத்தைந்து. மூன்றாவது இருபத்துநாலு. பத்து ஆனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு லென்ஸையும் துடைத்தாள். ஐம்பதையும் எண்ணினாள். ஒன்றில் இருபத்தாறு இருந்தது. அதை மட்டும் நாலு தடவை எண்ணினாள். இருபத்தாறுதான். ஐம்பதில் ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்று அவளுக்கே தெரியும்.

எல்லப்பனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் இதற்குள் மீன் வேலையை விட்டுக் களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை இறக்கப் போயிருந்தார். குத்தகைக்காரருக்கு ஜிலேபி பிடிக்க வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள், அவருடைய சிறுகண் வலைக்கு அங்கே வேலை இல்லை. ஹெப்சிபா மில் வாசலில் நெல் லாரிகளுக்கு நடுவே காத்திருந்தாள். அவர் தலையிலும் புருவத்திலும் உமி ஒட்ட வெளியே வந்தார். அருகிலிருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் காரணமில்லை, அது வேறே மீன்தான், அன்றைக்கு எடுத்ததோடு முடிந்துவிட்டது என்றாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அது வேற கெண்டைன்னு எனக்கு மின்னாடியே தெரியும் டீச்சர். வலையில புடிச்சா கையில கரகரன்னு இருக்கும். மத்தது அப்டி இருக்காது."

"அன்னைக்கே சொல்லி இருக்கலாமேண்ணா."

"சொன்னேனே, பாதிய வுட்டுடலாம்னு. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது? நீங்க படிச்சவங்க. இது தெரிஞ்சிகினுதான் எடுக்கறீங்கன்னு நென்ச்சேன்."

அவர் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த மீனுக்கு ஊரில் தனியாக ஏதாவது பெயர் உண்டா என்று அவள் கேட்டாள். யோசித்துப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை, கெண்டைதான் என்றார். விருத்தாம்பாளும் அதைப் பொடி மீனோடு கலந்துதான் விற்பாள் என்றார். பிறகு அவள் அழுவதைப் பார்த்துச் சங்கடப்பட்டு, மேஸ்திரி கூப்பிடுகிறார் என்று எழுந்தார். டீக்குக் காசு அவரே கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வு 2024 பிப்ரவரியில் வேலூரில் நடந்தது. பிரின்ஸ் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான். பரிசோதகர் வயதானவர், மெதுவாகப் பேசுபவர். அவருடைய கேள்விக்கு ஹெப்சிபா ஐம்பது குஞ்சுகளின் வரைபடத்தைத் திரையில் காட்டினாள். அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். இவ்வளவு சுத்தமான விடையைத் தான் எதிர்பார்க்கவில்லை என்றார். ஆய்வகத்தில் தொட்டிகளில் செய்ய வேண்டியதை ஒரு ஏரியில் செய்துவிட்டாய் என்றார். பிரபாகரன் சார் முகம் மலர்ந்தது. பிறகு அந்தப் பெரியவர், அந்த ஜனத்தின் உயிருள்ள மாதிரிகளைத் தன் பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

"இல்லைங்க சார். இப்ப அது இல்லை."

"வறட்சியிலயா?"

"வறட்சியில அறுபத்துமூணு இருந்தது சார். அறுபதை நான் எடுத்துட்டேன்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துரதிர்ஷ்டம் என்றார். பிறகு வேறொரு அட்டவணையில் இருந்த எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினார். அரைமணியில் முடிவு அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். சமோசாவும் கேக்கும் கொடுத்தார்கள். டாக்டர் ஹெப்சிபா என்று யாரோ கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை, தன்னைத்தான் என்று தெரியவில்லை.

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது அவள் ஒரு வரி சேர்த்தாள். ஆய்வுக்காக ஆய்வாளர் சேகரித்தவையே இந்த ஜனத்தின் கடைசி மீன்கள் என்ற வரி. பிரபாகரன் சார் அதை அடித்துவிட்டு, 2019 வறட்சிக்குப் பின் இந்த ஜனம் காணப்படவில்லை என்று எழுதினார். இரண்டும் ஒன்றுதானே, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பொய் இல்லைதான். நீ எழுதின வரியோடு அனுப்பினால் எந்தப் பத்திரிகையும் போடாது, உனக்கும் வேலை கிடைக்காது, எனக்கும் அடுத்த மாணவிகள் இருக்கிறார்கள் என்றார். ஹெப்சிபா இரண்டு நாள் கேட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் சரி என்றாள். கட்டுரை அவர் எழுதிய மாதிரியே வந்தது. நிரந்தர வேலைக்கு மூன்று இடத்தில் மனு போட்டாள், மூன்றிலும் கிடைக்கவில்லை. ஜூனில் பழைய கல்லூரியே பழைய சம்பளத்துக்கு மறுபடி எடுத்துக்கொண்டது.

அவள் ஊத்தடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மூங்கில் தட்டியைக் குத்தகைக்காரரின் ஆட்கள் பிடுங்கி அடுப்புக்குப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். வீட்டில் மீன் வாங்குவதையும் நிறுத்தினாள். ஏன் என்று பிரின்ஸ் கேட்கவில்லை, அவனும் விட்டுவிட்டான். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, நீ எடுக்கலைன்னாலும் அந்த ஜிலேபி வந்து தின்னிருக்கும் என்று அவன் சொன்னான். அது நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் ஜிலேபி வந்தது இரண்டரை வருஷம் கழித்து. அந்த இரண்டரை வருஷத்தில் எத்தனை முட்டை என்று அவளுக்குத் தெரியும், கிழித்த வயிறுகளில் எண்ணியிருக்கிறாள்.

இந்த வருஷம் மார்ச்சில் பிரபாகரன் சார் போன் செய்தார். கலசப்பாக்கம் பக்கத்தில் குன்றுகளுக்கு நடுவே ஒரு தனிச் சுனை இருக்கிறது, அதில் வித்தியாசமான அயிரை வருகிறது என்று தகவல் கிடைத்திருக்கிறது, நீ போய்ப் பார்க்கிறாயா என்று கேட்டார். தன்னால் முடியாது என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கிற ஜெயப்ரியாவை அனுப்பப்போவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஹெப்சிபா அன்று மாலையே அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள். முதலில் அந்தப் பெண்ணுக்குப் பெருமையாக இருந்தது. உங்க பேப்பரைப் படிச்சிட்டுத்தான் மேடம் இந்தத் துறைக்கே வந்தேன் என்றாள். ஹெப்சிபா தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பேப்பரில் இல்லாததையும் சொன்னாள். அந்தப் பக்கம் நடுநடுவே ம் என்ற குரல் கேட்டது.

"அதனால நீங்க முதல்ல சும்மா எண்ணிப் பாருங்க. எத்தனை இருக்குதுன்னு தெரியாம ஒண்ணுகூட எடுக்காதீங்க. உயிரோட அளந்துட்டுத் திரும்ப வுடலாம்."

"சரிங்க மேடம். ஆனா ஆண், பெண் பிரிக்கணும்னா வயித்தைக் கிழிச்சாத்தானே தெரியும்? முப்பது முப்பது இல்லன்னா சார் ஒத்துக்க மாட்டாருங்க."

வாலிலிருந்து ஒரு துளி சதை வெட்டி ஸ்பிரிட்டில் போட்டுவையுங்கள், மரபணுவாவது மிஞ்சும் என்றாள் ஹெப்சிபா. பார்க்கிறேன் மேடம் என்றாள் ஜெயப்ரியா. எப்போது போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மே மாதம் என்றாள். அப்போது சுனையில் தண்ணீர் குறைந்து ஓரிடத்தில் ஒதுங்கிவிடும், பிடிக்கச் சுலபமாக இருக்கும் என்று சார் சொல்லியிருக்கிறாராம்.

போன் வைத்த பிறகு ஹெப்சிபா மேஜையில் கிடந்த விடைத்தாள் கட்டை இழுத்துப் போட்டுத் திருத்த உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டுத் தாள். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓட ஆரம்பித்தது. பிரின்ஸ் உள்ளே இருந்து சாப்பிட வருகிறாயா என்று கேட்டான், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள்.